கோங்கு பூத்தது பாலத்துக்கு அந்தப் பக்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் பெயர் ஏழுமலை. சொந்த ஊர் செஞ்சி. எங்கள் வீட்டு வாசலில் நின்று பல் விளக்கினால் எதிரே ராஜகிரி. கொப்பளிக்கத் திரும்பினால் கிருஷ்ணகிரி. மூன்றாவது மலை கொல்லைப்பக்கம். பெயரில் ஏழும் ஊரில் மூன்றுமாகப் பத்து மலைகளுக்குச் சொந்தக்காரனான எனக்கு, உயரம் என்றால் உள்ளங்கால் கூசும், காது அடைக்கும், வாய் மட்டும் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசும். பல்பு மாட்ட நாற்காலியில் ஏறச் சொன்னால், "இருட்டுல குந்திப் பேசினாத்தான் மனசு விட்டுப் பேச முடியும்" என்று தத்துவம் சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

பதினான்கு வருடமாக நெதர்லாந்தில் இருக்கிறேன். மனைவி அமுதாவுக்கு அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்தபோது, வீட்டில் பெரிய யோசனை நடந்தது. "குளிராம், மழையாம், பேசறது ஒண்ணும் புரியாதாம். அந்த ஊர்ல ஒரு மலைகூட இல்லியாம், எல்லாம் தரையாவே இருக்குமாம்" என்று அவள் கவலையோடு அடுக்கினாள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் நான் பரண்மேல் இருந்த பெட்டியை எடுக்கச் சொன்னேன். (நான் எடுக்கவில்லை. பரண் உயரம்.) அவளுடைய விசாவில் தொற்றிக்கொண்டு போய் இறங்கினேன். சொன்னது உண்மைதான். கண்ணுக்கு எட்டியவரை தோசைக்கல் மாதிரி நாடு. ஆண்டவன் எனக்காகவே கரண்டியால் தேய்த்து வைத்திருந்தான்.

ஆனால் ஆண்டவன் தேய்த்ததை மனிதன் கெடுத்திருந்தான். அந்த ஊர் வீடுகளின் படிக்கட்டு இருக்கிறதே, அது படிக்கட்டல்ல; சுவரில் சாய்த்த ஏணிக்குக் கம்பளம் போர்த்திய வேஷம். பாத்ரூம் மாடியில். முதல் நாளிலிருந்தே முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்து, முதுகு காட்டித்தான் இறங்குகிறேன். மகள் கயல் பிறந்து நடக்கத் தொடங்கியதும், உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் இறங்குவார்கள் என்று நினைத்து அவளும் முதுகு காட்டி இறங்கினாள். பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி சிரித்துவிட்டாள் என்று ஒருநாள் வந்து காரணம் கேட்டாள். "எங்க ஊரு கோட்டையில இப்படித்தாம்மா எறங்குவோம். எதிரி மேலேருந்து வந்தா அப்படியே சண்ட போடலாம் இல்ல?" என்றேன்.

பொய் அங்கேதான் தொடங்கியது. சின்னப் பொய். அதற்கும் சோறு போட்டு வளர்த்தேன்.

2

கால்வாய் இல்லாத தெரு அந்த நாட்டில் இல்லை. அதனால் பிள்ளைகளுக்கு நீச்சல் பரீட்சை உண்டு. சட்டை, பேன்ட், ஷூவோடு குதிக்க வேண்டும். பிறகு தண்ணீருக்குள் ஒரு படுதா தொங்கும். அதில் ஓர் ஓட்டை. மூச்சை அடக்கி முங்கி, அந்த ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போய் எழ வேண்டும். கயலுக்கு அப்போது ஆறு வயது. மற்ற எல்லாவற்றையும் செய்வாள். ஓட்டைக்கு முன்னால் வந்ததும் தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டு நிற்பாள். மூன்று முறை பரீட்சைக்குப் போய் மூன்று முறையும் ஈரத்தோடு அழுதுகொண்டு வந்தாள். நாங்கள் பெற்றோர் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் காப்பிக் குவளையோடு நிற்போம்.

நான்காவது பரீட்சைக்கு முந்தின நாள், சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம் அந்தப் பாலத்தைப் பற்றிச் சொன்னேன். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து கிடக்கும். அந்தப் பிளவின் மேல் ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டினால்தான் உச்சி. "உங்கப்பன் தெனம் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி அதுமேல ஏறி, பீரங்கி மேல குந்திட்டு வருவான். கீழ பாத்தா ஆளு எறும்பு மாதிரி. பயந்தேனா? நீ இந்தத் துணியில இருக்கிற ஓட்டைக்குப் பயப்படறியே."

மறுநாள் முங்கினாள். படுதாவுக்கு அந்தப் பக்கம் தலை எழுந்தது. எழுந்தவள் ஆசிரியையைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக என்னைத் தேடிப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

நண்பர்களே, அந்தக் கட்டை விரலுக்குப் பிறகு உண்மையைச் சொல்ல எந்த அப்பனுக்கு மனசு வரும்?

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு. அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. அவள் டச்சில் கேட்பாள், நான் தமிழில் சொல்வேன். ஒரே ரேடியோவில் இரண்டு ஸ்டேஷன் கேட்கிற மாதிரி வீடு நடக்கிறது. ஊர்ச் சொந்தங்கள் வீடியோ காலில் வந்தால் கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுவாள். செஞ்சி என்றால் அவளுக்கு மிச்சம் இருந்தது அந்தப் பாலம் ஒன்றுதான். தோழிகள் வந்தால், "எங்க அப்பா..." என்று அவள் தொடங்குவது காதில் விழும். நான் மெதுவாகச் சமையலறைக்குப் போய்விடுவேன்.

போன தை மாதம், என் அண்ணி தேவகி ஒரு போட்டோ அனுப்பினார். தன் கொல்லையில் நின்றுகொண்டு மலையை இழுத்துப் பெரிதாக்கி எடுத்த படம். பாறை உச்சியில், ஓர் இலைகூட இல்லாத மரத்தில் மஞ்சள் மஞ்சளாக ஏதோ தீட்டிய மாதிரி. "கோங்கு பூக்க ஆரம்பிச்சிட்டுது" என்று குரலும் அனுப்பியிருந்தார்.

கயல் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இந்தப் பூ உங்க கிடங்குக்கு வருமா அப்பா?"

நான் பூ ஏலக் கிடங்கில் வேலை செய்கிறேன். பூ ஏற்றிய மின்வண்டிகள் பழுதானால் சரிசெய்வது என் பிழைப்பு. விடிவதற்குள் உலகத்துப் பூவெல்லாம் வாளியில் நின்றபடி என்னைக் கடந்து போகும். வெளியே வயலில் பார்த்தாலும் ட்யூலிப்புகள் நேர்வரிசையில்தான் நிற்கும். எங்கள் ரேஷன் கடையில்கூட அந்த ஒழுங்கு கிடையாது. "இது வராதும்மா. இதை யாரும் நடறதும் இல்ல, வெட்டறதும் இல்ல. அது பாட்டுக்குப் பாறையில பூக்கும்."

அவள் படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு தெளிவான தமிழில் என் தலையில் கல்லைப் போட்டாள். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தலைப்பில் பேச வேண்டுமாம். "நான் இந்தப் பூ பத்திப் பேசுவேன். அங்க போகலாம். நீங்க பாலத்துல நடக்கிறதை நான் வீடியோ எடுக்கணும்."

3

அந்த நாட்டில் பிப்ரவரியில் ஒரு வாரம் பள்ளிக்கு விடுமுறை. அதற்கு வசந்த விடுமுறை என்று பெயர். வெளியே போனால் மூக்கு உறைந்துவிடும். ஒரு வாரத்தில் செஞ்சி போய் வருவது கஷ்டம், இன்னும் இரண்டு நாள் வேண்டும். ஆனால் பிள்ளையைப் பள்ளி நாளில் இஷ்டத்துக்குக் கூட்டிப்போனால் அபராதம். அனுமதிக்கு ஒரு படிவம் உண்டு. திருமணமா, இறப்பா, மதக் கடமையா என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தார்கள். பூ பார்ப்பதற்குக் கட்டம் இல்லை.

அமுதா சொன்னாள், "ஏங்க, மலை மேல கமலக்கண்ணி அம்மன் இருக்குது இல்ல? அதுக்குப் போறதும் உண்மதான. மதக் கடமையில டிக் அடிங்க."

அடித்தேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்: எப்படியும் நிராகரிப்பார்கள், என் மானம் தப்பும். மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார். மலைக்குப் போய் என்ன செய்வீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். எனக்கு அந்த மலை கண் முன்னால் வந்துவிட்டது. பதற்றத்தில் 'ஏறுவோம்' என்பதற்கான டச்சுச் சொல் ஓடிப்போய், அதன் இடத்தில் 'விழுவோம்' என்பது வந்து உட்கார்ந்தது. "நாங்கள் குடும்பத்தோடு மலையிலிருந்து விழுவோம், மேடம். இது எங்கள் ஊரில் வழக்கம்."

மறுமுனையில் பேனா கீழே விழும் சத்தம். "குழந்தையுமா?" என்றார்.

"அவள்தான் முதலில்" என்றேன்.

கயல் பாய்ந்து வந்து போனைப் பிடுங்கி, ஐந்து நிமிஷம் சிரித்துப் பேசிச் சரிசெய்தாள். இரண்டு நாள் கேட்டதற்கு ஒரு நாள் கிடைத்தது. விழுவதற்கு ஒரு நாள் தாராளம் என்று நினைத்திருப்பார்.

4

செஞ்சியில் என் அண்ணன் முனுசாமிக்குக் கொஞ்சம் நிலம்; நெல்லும், நாங்கள் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறான். அவனையும் இந்த வழக்கில் சேர்க்க வேண்டும். ஏனென்றால், நான் மகளிடம் விட்ட கதைகள் என் சொந்தச் சரக்கல்ல. பாலம், பீரங்கி, எறும்பு அளவு ஆட்கள், எல்லாம் சின்ன வயதில் அண்ணன் எனக்குச் சொன்னவை. மாடு மேய்க்கப் போன நேரத்தில் உச்சிவரை ஏறி வந்ததாகச் சொல்வான். நான் வாயைப் பிளந்து கேட்பேன். நைனா காதில் விழுந்தால் இரண்டு பேருக்கும் உதை என்பதால் அந்த வீரம் எங்களுக்குள்ளேயே இருந்தது. எனக்குத் தைரியம் இல்லாவிட்டாலும் பரம்பரையில் இருக்கிறது என்று ஓர் ஆறுதல்.

காலையில் குட்டியானை என்று சொல்லும் சின்ன லாரியின் பின்னால் ஏறினோம். அண்ணன், அண்ணி, அமுதா, கயல், நான். ஒரு தூக்கு நிறையப் புளிசோறு, அவித்த கொட்டை ஒரு பை. கோட்டை வாசலில் சீட்டு வாங்கி உள்ளே போனதும் அண்ணன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, குரங்குக்காக ஒரு குச்சியும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். கைடு மாதிரியே இருந்தான்.

அடிவாரத்திலேயே பூ தொடங்கிவிட்டது. ஆவாரம்பூ புதர் புதராக. கல் இடுக்கில் தும்பை. எருக்கு தன் பாட்டுக்கு ஊதா நிறத்தில். கயல் ஒவ்வொன்றுக்கும் முட்டி போட்டுப் படம் எடுத்தாள். அண்ணி ஒரு கொத்து ஆவாரம்பூவை ஒடிக்கக் கை நீட்டினார்.

"பறிக்கக் கூடாது பெரியம்மா."

"ஏம்மா, யார் வெச்ச செடி இது?"

"யாரும் வெக்கல. அதான்."

அண்ணி கையை நிறுத்தி யோசித்தார். "அப்ப கீழ உழுந்ததை எடுத்துக்கலாமா?"

"அது ஓகே."

"நல்ல சட்டம்தான்" என்று குனிந்து இரண்டு பூவைப் பொறுக்கித் தலையில் வைத்துக்கொண்டார். படியேறும்போது கயலிடம் சொன்னார்: "எனக்கும் இதான் மொத தடவ கண்ணு."

கயல் நின்றுவிட்டாள். "இந்த மலைக்கா? நீங்க இங்கதானே இருக்கீங்க?"

"கல்யாணம் ஆயி வந்து இருவத்திரெண்டு வருஷம் ஆவுது. தெனம் பாக்கறதுதான, எங்க ஓடிப்போவுது, அப்பறம் ஏறிக்கலாம்னு உட்டாச்சு. எங்கெங்கேருந்தோ ஜனம் பஸ் புடிச்சி வந்து ஏறுது. கீழ இருக்கிற நாங்க ஏறல."

"உங்க பெரியப்பாவும் உங்கப்பாவும் ஏறாத ஏத்தமா? அவங்க ஏறனதே நம்ம குடும்பத்துக்குப் போதும்னு உட்டுட்டோம்" என்றாள் அமுதா. நான் இருமினேன்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. புதியதல்ல, ஏழாம் வகுப்பில் சோதித்துப் பார்த்தது. அப்போது வாத்தியார் எங்கள் வகுப்பையே மலைக்குக் கூட்டிவந்தார். பாலத்தைத் தூரத்தில் பார்த்ததுமே எனக்குக் கால் ஓடவில்லை. "வயிறு வலிக்குது சார்" என்றேன். என்னைக் கமலக்கண்ணி அம்மன் கோயிலண்டை உட்காரவைத்து, நாற்பது பேரின் சாப்பாட்டுத் தூக்கையும் காவல் காக்கச் சொன்னார்கள். அவர்கள் உச்சிக்குப் போய் வருவதற்குள் ஆறேழு தூக்கை ருசி பார்த்ததில் நிஜமாகவே வயிறு வலித்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இப்போதும் அம்மன் கோயில் வந்தது. கும்பிட்டோம். வயிற்றில் கை வைத்தேன். "அமுதா, லேசா வயிறு..."

அவள் கைப்பையைத் திறந்து, ஒரு மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் நீட்டினாள். நர்ஸைக் கட்டியதில் உள்ள ஒரே கஷ்டம் இது.

5

பாலத்தைப் பற்றி நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். அது பெரிய பாலம் அல்ல. பத்துப் பதினைந்து எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது. அன்று எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டியம்மாள் வெற்றிலை மென்றபடி அதன் மேல் நடந்து போனார். ஆனால் இரு புறமும் பாறை நேராக வெட்டி இறங்குகிறது. அந்தப் பிளவிலிருந்து ஒரு காற்று வருகிறது பாருங்கள், நம் லுங்கிக்கும் நமக்கும் உள்ள உறவைச் சோதிக்கிற காற்று. நல்லவேளை, பேன்ட் போட்டிருந்தேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், மேலே, பாறையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோங்கு மரம் நின்றது. மஞ்சளாக.

கயல் சட்டென்று நடந்து தாண்டினாள். அமுதா தாண்டினாள். அண்ணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மா தாயே" என்று ஒரே மூச்சில் அந்தப் பக்கம் போய்விட்டார். இந்தப் பக்கம் மிஞ்சியது நானும் அண்ணனும்.

அண்ணன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "நீ போடா மொதல்ல. எவ்ளோ நாள் கழிச்சி வந்திருக்கிற."

"இல்லண்ணா. ஊட்டுக்கு மூத்தவன் நீ இருக்கும்போது..."

"விருந்தாளிதான்டா முன்ன போவணும்."

"நீதானண்ணா வழி காட்டற. நீ போ, நான் பின்னாலயே வர்றேன்."

எங்கள் வாழ்நாளில் நாங்கள் ஒருவருக்கொருவர் இவ்வளவு மரியாதை காட்டியதே கிடையாது. ஒரு கடைசி இட்லியைக்கூட இப்படி விட்டுக்கொடுத்ததில்லை. எனக்கு உறைத்தது. அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். கண்ணாடியில் நான் பார்க்கிற முகம்.

"அண்ணா. நெஜத்தச் சொல்லு. நீ இதத் தாண்டியிருக்கிறியா?"

அவன் குச்சியால் பாறையைச் சுரண்டினான்.

"அப்ப பீரங்கி மேல குந்தினது?"

"கீழ ஒண்ணு கெடந்துதுடா. அதுமேல குந்தினேன்."

"ஆளுங்க எறும்பு மாதிரி தெரிஞ்சது?"

"அது எறும்புதான்."

"அடப்பாவி! உன் பொய்ய நம்பி அங்க ஒரு பொண்ண நீச்சல் பாஸ் பண்ண வெச்சிருக்கறன்டா!"

"நீ மட்டும் இன்னா யோக்கியம்? ஏழாவதுல மேல போய் வந்தேன்னு எங்கிட்டயே சொன்ன!"

நாற்பது தாண்டிய இரண்டு ஆம்பளைகள், ஒரு பாலத்துக்கு இந்தப் பக்கம், ஒருவன் பொய்யை இன்னொருவன் பிடித்துக்கொண்டு நின்றோம். மேலே ஒரு குரங்கு கொட்டையை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

அந்தப் பக்கம் கயல் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். "அப்பா! ரெடி! வாங்க!"

அப்போது எனக்கு இரண்டு வழி இருந்தது. கால் சுளுக்கிவிட்டது என்று உட்கார்ந்துவிடலாம். பத்து நிமிஷத்தில் எல்லோரும் பூ பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். கதை அப்படியே உயிரோடு இருக்கும். ஆனால், அவள் போனுக்கு மேலே தெரிந்த அந்தக் கண்கள். கண்ணாடிச் சுவர் வழியாக என்னைத் தேடிய அதே கண்கள். இன்று சுளுக்கு, நாளைக்கு வயிறு, அப்புறம் எத்தனை வருடத்துக்கு நான் சமையலறைக்குள் ஓடுவது?

"கயலு, போனைக் கீழ வை" என்றேன்.

இறக்கினாள்.

"அப்பா இதைத் தாண்டினதே இல்லம்மா. ஒரு தடவகூட. சொன்னதெல்லாம் பொய். எனக்குப் பயம். உன் பெரியப்பனுக்கும் பயம்."

"என்னை ஏன்டா இழுக்கற" என்றான் அண்ணன் பக்கத்தில்.

அமுதா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அதிர்ச்சியா என்று இன்றுவரை சொல்லவில்லை. கயல் பாலத்தின் விளிம்புவரை வந்தாள்.

"அப்போ... நான் தண்ணிக்குள்ள போனப்ப சொன்னது?"

"பொய்தாம்மா."

அவள் முகம் சிவந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை. மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லும். சொன்னாள். "ரொம்ப மோசம் அப்பா. நான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"தெரியும்மா."

கொஞ்ச நேரம் பிளவையே எட்டிப் பார்த்தாள். பிறகு என்ன கணக்குப் போட்டாளோ, போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, பாலத்தில் பாதிவரை நடந்து வந்து நின்றாள். "சரி. இப்ப வாங்க. வீடியோ இல்ல. கீழ பாக்காதீங்க. என் மூக்கைப் பாருங்க. எண்ணுங்க."

"கத்தலாமா?"

"கத்துங்க."

நான் அண்ணன் கையைப் பிடித்தேன். அவன் கை எனதைவிட ஈரம். அவன் கமலக்கண்ணி அம்மனை உரக்கக் கூப்பிட்டான், நான் "ஒண்ணு!" என்று கூவினேன். "ரெண்டு!" "மூணு!" கயல் பின்வாக்கில் நடந்தபடி என்னோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினாள். நாலு, அஞ்சு. அவள் வாயிலிருந்து தமிழ் எண் கேட்டு எனக்கு எத்தனை நாளாயிற்று. எட்டு, ஒன்பது. பத்தில் அண்ணன் நின்றுவிட்டான். "டேய், ஆடுது." "ஆடல, நீதான் ஆடற, வா!" பதினொண்ணு. பன்னெண்டு. பதின்மூணு.

பதினாலாவது எட்டு பாறையில் விழுந்தது.

அண்ணி கை தட்டினார். அண்ணன் அங்கேயே உட்கார்ந்து பாறையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தான். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை; இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, தேர்தலில் ஜெயித்த கவுன்சிலர் மாதிரி குரங்குகளுக்கு வணக்கம் வைத்தேன் என்று அமுதா சொல்கிறாள்.

கோங்கு மரத்தடிக்குப் போனோம். இலையே கிடையாது. வெறும் சாம்பல் கிளை. அதன் நுனியில் உள்ளங்கை அகலப் பூக்கள், அரைத்த மஞ்சளின் நிறத்தில், வெயிலைக் குடித்துக்கொண்டு. வண்டுச் சத்தம். ஒரு பூ கழன்று, அவசரமே இல்லாமல் பாறையில் வந்து இறங்கியது. வாளியில் நிற்கும் பூவையே பார்த்த எனக்கு, யாருக்காகவும் பூக்காத பூ ஒன்று இவ்வளவு அகலமாகச் சிரிக்கும் என்று தெரியாமல் போயிற்று. கயல் குனிந்து அந்தப் பூவை எடுத்து அண்ணியிடம் கொடுத்தாள். "விழுந்ததுதான். ஓகே."

உச்சிக்குப் போனதும் அண்ணி ஒரு சின்னப் பெண் மாதிரி மதிலோரம் ஓடினார். "அதோ நம்ம மோட்டார் கொட்டாய்! ஐயோ, நம்ம ஊட்டு மாடியில துணி காயுது பாருங்க! அந்தச் சிவப்பு என் பொடவதான்!" உடனே பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டார். "யக்கா, வெளிய வந்து மலையப் பாரு. உச்சியில நான்தான் நிக்கறேன். கைய ஆட்டறேன், தெரியுதா?"

அந்த அக்கா தெரிகிறது என்று சொன்னாராம். எங்கள் ஊரில் பொய் சொல்லத் தெரியாதவர் யாரும் இல்லை.

6

வகுப்பில் கயல் பேசியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மலையில் கடைசியாக நடந்ததைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். கோங்குப் பூவின் படங்களைக் காட்டினாளாம். பிறகு, தன் அப்பா இதுவரை பாலத்தைத் தாண்டியதாகச் சொன்னது பொய் என்றும், அன்றைக்கு எப்படிக் கூவிக்கொண்டு தாண்டினார் என்றும் சொன்னாளாம். பூவைப் பற்றி இரண்டு கேள்வி வந்தது. என்னைப் பற்றி ஒன்பது. ஆசிரியர், தனக்கு லிஃப்டில் ஏறப் பயம் என்று ஒப்புக்கொண்டாராம். மார்க் நன்றாக வந்தது. இதை அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

இனி மலை. இறங்கும்போது அதே பாலம். யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், போகிற பாலத்தில்தான் வரவும் வேண்டும் என்று. இந்தத் தடவை அண்ணன் கையைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூவாமல் முனகியபடி வந்து சேர்ந்தேன். தாண்டி வந்ததும் நிழலில் உட்கார்ந்து புளிசோற்றைப் பிரித்தோம்.

அங்கே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். என் வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கொஞ்சம் தொப்பை. அவர் மனைவியும் பிள்ளைகளும் எதிர்ப்பக்கம் நின்று கூப்பிடுகிறார்கள். இவர் இடுப்பில் கை வைத்து, எங்கோ தூரத்து ஏரியைப் பார்த்தபடி, "நீங்க போய்ட்டு வாங்க, நான் காத்து வாங்கறேன்" என்கிறார். அந்தக் காற்றை நான் அறிவேன்.

என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார் லோக்கலா?"

"ஆமா சார். செஞ்சிதான்."

"அப்ப அடிக்கடி ஏறிப் பழக்கம் இருக்கும் உங்களுக்கு."

பின்னால் கயல் கொட்டை உரிக்கும் சத்தம் நின்றது. முப்பது வருடமாகத் தயாராக இருக்கும் பதில் நாக்கு நுனிவரை வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நின்றது.

"இல்ல சார். இன்னிக்குதான் மொத தடவ. இப்பதான் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி. எங்கண்ணன் கையப் புடிச்சிகினு, கத்திகினே போனேன்."

அவர் என்னைப் பார்த்தார். இடுப்பிலிருந்த கை மெல்ல இறங்கியது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கத்தினா பரவால்லியா?"

"தாராளமா கத்துங்க. குரங்குங்க ஒண்ணும் சொல்லாது."

கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார். பதினாலு எட்டும் எண்ணினோம். ஏழாவதில் அவர் தன் அம்மாவைக் கூப்பிட்டார். எதிர்ப்பக்கம் அவர் பிள்ளைகள் கூச்சல் போட்டு அவரைக் கட்டிக்கொண்டார்கள். நான் திரும்பி வந்தேன். பாதிப் பாலத்தில்தான் கவனித்தேன், கம்பியை நான் பிடிக்கவே இல்லை. உடனே பிடித்துக்கொண்டேன், அது வேறு விஷயம்.

"சார்!" என்று அவர் அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். "நாங்க எறங்கி வர்ற வரைக்கும் இருப்பீங்களா?"

"இருக்கறேன் சார். நிதானமா பூவப் பாத்துட்டு வாங்க."

இருந்தேன். அதற்குள் திண்டிவனத்திலிருந்து வந்த ஒரு புதுப் பெண்டாட்டியைக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளை முன்னாலேயே ஓடிவிட்டிருந்தான். பிறகு ஒரு காலேஜ் வாத்தியார். பிறகு, "நான் பயப்படல, செருப்பு வழுக்குது" என்ற ஒரு பெரியவர். அண்ணனும் வெட்கப்பட்டு எழுந்து வந்து ஒரு ஆளைப் பொறுப்பெடுத்துக்கொண்டான். அமுதா எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள், அண்ணி கொட்டை கொடுத்தார். கயல் போனை எடுத்து, "இப்ப எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். எடு என்றேன்.

வெயில் சாய்ந்ததும் வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு வந்தார். எல்லோரையும் கீழே விரட்டினார். பாலத்தின் தலைமாட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னா சார், டைம் ஆச்சு, எறங்குங்க. மத்தியானத்துலேருந்து பாக்கறேன், போறீங்க வர்றீங்க. இங்கியே வேலைக்குச் சேந்துட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கயல் சொன்னாள்:

"ஆமா. இன்னிக்குதான் சேந்தாரு."